பல் லேசாக ஆடியபோது: ஈறு சிகிச்சை எடுத்துக்கொண்ட அனுபவம்

கீழ்வரிசை முன்பற்களில் ஒன்று அசைவதை முதலில் உணர்ந்தது என் நாக்குதான். வலி இல்லை, வீக்கமும் இல்லை. பல் தேய்க்கும்போது எப்போதாவது கொஞ்சம் ரத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து நாக்கு அந்தப் பல்லைவிட்டு நகரவே இல்லை. காலையில் எழுந்ததும் விரலால் அசைத்துப் பார்ப்பேன். நேற்றைவிட அதிகமாக ஆடுகிறதா, அதே அளவுதானா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பால்பல் என்றால் விழுந்து முளைக்கும். இது போனால் போனதுதானே என்ற பயம் தூக்கத்தையும் கெடுத்தது.

ஒருவழியாக ஈறு நிபுணரிடம் நேரம் வாங்கினேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நிறையக் கேட்டார். புகைபிடிப்பீர்களா, சர்க்கரை இருக்கிறதா, பல்லில் எப்போதாவது அடிபட்டதா, தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா, காலையில் தாடை வலிக்குமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்றேன். புகையைப் பற்றி ஏன் முதலில் கேட்டார் என்று பிறகு விளக்கினார். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தக்கசிவு குறைவாகத்தான் தெரியுமாம். அதனால் நோய் மறைந்தே வளருமாம்.

அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல். ஆரோக்கியமான பல்லும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். பல்லின் வேர் எலும்போடு ஒட்டிப் பிறப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. மெல்லும்போது விழும் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அசைவது இயல்பு. அதற்கு மேல் போனால்தான் காரணம் தேட வேண்டும்.

தேடும் முறை எளிமையானது. அளவு குறித்த மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக இறக்குகிறார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடங்களில் அளவு. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 4, 5 என்று போனால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போலாகிவிட்டது என்று அர்த்தம். என் பற்களில் பெரும்பாலும் 2, 3 என்றுதான் வந்தது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் மட்டும் 5. பிறகு இரண்டு கருவிகளின் பிடிகளுக்கு நடுவே பல்லை வைத்து அசைத்துப் பார்த்து, முதல் நிலை ஆட்டம் என்றார். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. மேலும் கீழுமாகவே ஆடினால்தான் மூன்றாம் நிலை, அது கடினம். எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான் திறக்கிறது. அதனால் அங்கே காறை, அதாவது பல்லில் கல்போல் இறுகும் படிவு, சீக்கிரம் கட்டும். கண்ணாடியில் தெரியாத இடமும் அதுதான். காறையால் ஈறு அழற்சி, அழற்சியால் எலும்புத் தேய்வு, அதன்மேல் இரவில் பல்லைக் கடிப்பதால் வரும் பளு. மூன்றும் சேர்ந்துதான் என் பல்லை அசைத்திருக்கின்றன.

சிகிச்சை ஈறுக்கு அடியில் செய்யும் ஆழமான சுத்தம். 'க்ளீன் பண்ணா பல் ஆடும், எனாமல் தேயும்' என்று கேட்டுப் பழகிய எனக்கு அதில் தயக்கம் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. முடிந்த பிறகு பல் கூசியது, பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது, இன்னும் தளர்ந்ததுபோலவும் இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் ரொம்பப் பயந்திருப்பேன். காறை அடைத்திருந்த இடம் காலியாகிறது. வீங்கிய ஈறு வற்றிச் சுருங்குகிறது. அதனால்தான் இடைவெளி தெரிகிறது. எலும்பைத் தேய்த்துக்கொண்டிருந்ததே காறையில் தங்கிய கிருமிகள்தான். அவற்றை விட்டுவைப்பதுதான் ஆபத்து.

வீட்டில் செய்வதுதான் பாதி வைத்தியம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். மென்மையான பிரஷ்ஷை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் சிறு அசைவாகத் தேய்க்கச் சொன்னார்கள். பற்களின் இடுக்குக்கென்றே இருக்கும் குட்டி பிரஷ்ஷை மருத்துவரே அளவு பார்த்துத் தேர்ந்து கொடுத்தார். ஆரம்பத்தில் அதைப் போட்டாலே ரத்தம் வந்தது. ரத்தம் வருகிறதென்று நிறுத்தக் கூடாது, அங்கேதான் சுத்தம் தேவை என்றார். தொடர்ந்து செய்ததும் கசிவு நின்றது. இரவுக்குப் பற்களின் மேல் போட்டுக்கொள்ளும் கவசம் ஒன்றும் செய்து கொடுத்தார்கள். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார்: பல்லை விரலால் ஆட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். உண்மையில் அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுபரிசோதனையில் 5 இருந்த இடங்கள் 3 ஆகியிருந்தன. தேய்ந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. ஆனால் மேலும் தேயாமல் நிறுத்திவிட முடியும். பல்லும் முன்பைவிட இறுகியிருக்கிறது. பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்ட வேண்டிய தேவை இப்போதைக்கு இல்லை என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு பயம் இருந்தால், ஈறுப் பையின் அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் ஆதாரம். சீழ், வீக்கம், கடிக்கும்போது பற்கள் பொருந்துவதில் மாற்றம், திடீரென்று விழுந்த இடைவெளி, பல பற்கள் ஒன்றாக ஆடுவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை இருப்பவர்கள் அதையும் சேர்த்தே கட்டுக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஈறு ஆறுவது தாமதமாகும். எனக்கு இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.