வெளி லைனுக்கு ஒரு 0, மொபைலுக்கு இன்னொரு 0

2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். லீவு கிடைக்காமல் பெங்களூரிலேயே இருந்தேன். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் ஆபீஸ் ஒன்றிலிருந்து போன். ரிசப்ஷனில் கிருஷ்ணகிரிப் பெண்.

"அண்ணா, காலையில இருந்து எந்த மொபைலுக்கும் போகல. பொட்டியே போச்சு போல."

பெட்டி என்றால் ஈபிஏபிஎக்ஸ், ஆபீஸ் போன்களையெல்லாம் ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் கருவி. அதுதான் என் பிழைப்பு. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்கும் 0 சேர்த்தே அழைக்க வேண்டும் என்று அன்று முதல் நாடு முழுக்க விதி. உள்ளூர் லேண்ட்லைன் எண் தொடங்கும் இலக்கத்திலேயே மொபைல் எண்ணும் தொடங்கினால் எக்ஸ்சேஞ்ச் குழம்பும். முன்னால் ஒரு 0 இருந்தால் குழம்பாது. இதனால் சுமார் 254 கோடி எண்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட கணக்கு.

"0 போட்டுப் பாரும்மா."

"போட்டேன்ணா. போகல."

போகாது. அந்தப் பெட்டியில் வெளி லைன் எடுக்கவே 0. அப்புறம் மொபைலுக்கு இன்னொரு 0. அந்த இரண்டாவது 0-வைத்தான் பல வருடம் முன்பு, வெளியூருக்கு யாரும் பேசாதபடி, நானே எஸ்டிடி லாக் போட்டு அடைத்திருந்தேன்.

நேரில் போனேன். முதலாளிக்கு லாக்கை எடுக்க மனசில்லை. 08-ஐ மட்டும் திறக்கலாமே என்றார். 8-ல் தொடங்கும் மொபைலுக்கு அது சரி, ஆனால் மைசூருவின் எஸ்டிடி கோடான 0821-ம் அதே வழியாகப் போய்விடும். எஸ்டிடிக்கு என்று தனியாகக் கட்டணம் அழுத காலம் போய்விட்டது என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு டீ ஆனது. லாக்கை எடுத்தேன். தலைப்பில் உள்ள வாசகத்தை எழுதி எல்லா போனிலும் ஒட்டினாள் அந்தப் பெண்.

இந்த விதி வருவதற்கு முன்பு வேறு தலைவலி. கர்நாடக மொபைலுக்கு 0 வேண்டாம், வெளி மாநில மொபைலுக்கு வேண்டும். ஓசூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கையில் தமிழ்நாட்டு சிம். 94480 என்றால் கர்நாடகா, 94430 என்றால் தமிழ்நாடு என்று ஒரு அட்டவணையே வைத்திருந்தேன், பாதி மனப்பாடம். 2015 ஜூலையில் மாநிலம் தாண்டியும் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்றானதும் அந்த அட்டவணையால் பயனில்லாமல் போயிற்று. எண்ணைப் பார்த்து ஊரைச் சொல்லும் வித்தையும் அதோடு போனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஓசூரின் 04344-ஐப் பார்த்தாலே வீட்டு ஞாபகம் வருகிறவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இன்றோ பெங்களூரின் 080 என்று வந்தால் கடன் வேண்டுமா என்று கேட்கத்தான் என நினைத்து என் அம்மாவே எடுப்பதில்லை.

2025 பிப்ரவரியில் டிராய் அடுத்த பரிந்துரையைத் தந்தது. லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கும், உள்ளூராகவே இருந்தாலும், 0 போட்டு எஸ்டிடி கோடும் சேர்க்க வேண்டுமாம். இருக்கிற எண்கள் மாறாது. சிற்றூர்க் கோடுகளில் எண்கள் சும்மா கிடக்கின்றன, நகரத்தில் தட்டுப்பாடு. எண்களை மாநில அளவில் பங்கிட்டால் சரியாகும் என்பது காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் அடுத்த தெரு ஹார்டுவேர் கடைக்குப் பதினோரு இலக்கம், வெளி லைன் 0-வோடு பன்னிரண்டு.

போன மாதம் அதே ஆபீசுக்கு சர்வீசுக்குப் போனபோது ரிசப்ஷன் பெண்ணிடம் இதைச் சொன்னேன். ஸ்டிக்கரின் ஓரம் பிய்ந்திருந்ததை விரலால் அழுத்திக்கொண்டே கேட்டாள்:

"அப்போ இதையும் மாத்தணுமாண்ணா?"

"இப்போதைக்கு வேண்டாம்மா. புதுசா ஒட்டினா மட்டும் கீழ கொஞ்சம் இடம் விடு."