தராசில் 1,520 கிராம்

இன்று காலை தராசின் மேல் வைத்த பெட்டிக்குள் எங்கள் பந்து மலைப்பாம்பு உருண்டையாகச் சுருண்டு, தலையை உள்ளே புதைத்துக்கொண்டது. எடை 1,520 கிராம்.

நேற்றிரவு உறைநிலை நீக்கி, வெந்நீரில் சூடாக்கிக் கொடுத்த எலியை, மூன்றாவது முறையாக, முகர்ந்துவிட்டு விலகிப் போயிருந்தது.

ஆனாலும் எடை சென்ற மாதத்தைவிட 10 கிராம்கூடக் குறையவில்லை.

குட்டியாக இருந்தபோது, உடலின் பருத்த பகுதியைவிட அகலமில்லாத, அதன் எடையில் பத்தில் ஒரு பங்குள்ள எலியை வாரந்தோறும் கொடுத்தேன். வளர்ந்த பின்னும் அப்படியே தொடர்ந்தது என் தவறு. இப்போது 75 கிராம் எலி, மூன்று வாரத்துக்கு ஒன்று, போதுமானது.

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் எலி வளைகளில் பதுங்கும் இந்த இனம் மாதக்கணக்கில் உண்ணாமலும் வாழக்கூடியது என்று படித்திருந்தும், ஒவ்வொரு மறுப்புக்கும் நான் கலங்கினேன்.

அடுத்த எலி பத்து நாள் கழித்துத்தான். எடையை மட்டும் வாரம் தவறாமல் குறித்துவைப்பேன்.