படிவம் 20-ன் கடைசி வரி: வடசென்னையில் செல்லாத ஓட்டும் விடுபட்ட பெயரும்

ஓட்டு எண்ணி முடிந்ததும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு முடிவுத் தாள் தயாராகும். அதுதான் படிவம் 20. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். யாருக்கு எத்தனை என்று பூத் பூத்தாக நீளமாகப் போகும். தங்கள் தெரு பூத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். செல்லாத ஓட்டைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது அடியில் இருக்கும் தபால் ஓட்டு வரியை. மெஷின் வந்தபிறகு செல்லாத ஓட்டு பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள் ஒதுங்கிவிட்டது. (மீஞ்சூர், சோழவரம் பக்கம் ஊராட்சித் தேர்தலில் இன்னும் காகிதச் சீட்டுதான். ஆளுக்கு நாலு பதவி, நாலு சீட்டு. அது தனிக் கதை.)

தபால் ஓட்டில் உறை இரண்டு. வாக்குச்சீட்டு மட்டும் போக வேண்டிய சின்ன உறை 13பி. அதன் மேல் சீட்டின் வரிசை எண் இருக்கும். அந்த உறையும் 13ஏ என்ற உறுதிமொழித் தாளும் சேர்ந்து பெரிய உறையான 13சி-க்குள் போகும். எண்ணும் மேசையில் பெரிய உறையைப் பிரித்ததும் முதலில் தேடுவது 13ஏ-வைத்தான். அது இல்லாவிட்டாலும், கையெழுத்தோ சான்றொப்பமோ விட்டுப்போயிருந்தாலும், அதில் எழுதிய எண்ணும் சின்ன உறை மேலுள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டாலும், சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே ஓட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் தள்ளுபடிதான். 13ஏ-வை வாக்குச்சீட்டோடு சேர்த்துச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டாலும் கதை இதேதான்: தாள் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அதை எடுக்க உறையைப் பிரிக்க முடியாது.

இதைத் தாண்டி வந்த சீட்டுக்கு அடுத்த சோதனை. குறியே இல்லாதது, இரண்டு பேருக்குக் குறி போட்டது, கோட்டின் மேல் விழுந்து யாருக்கென்று புரியாதது, போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்தோ கையெழுத்தோ உள்ளது, எல்லாம் செல்லாது. டிக்கா பெருக்கல் குறியா என்பது பிரச்சினையே இல்லை, எது போட்டாலும் செல்லும். எந்தத் தாளைக் கண்டாலும் கையெழுத்துப் போட்டுப் பழகிய அரசு ஊழியர் கைதான் இங்கே ஆபத்து.

2023-ல் விதி மாறியதிலிருந்து தேர்தல் பணியில் இருப்பவர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. தபால் ஓட்டுக்கென்றே அமைக்கும் வசதி மையத்திலேயே வாங்கி, போட்டு, கொடுத்துவிட வேண்டும். ஆகவே திருத்த வேண்டிய இடமும் அந்த மையம்தான். வரிசையை இப்படி வைத்தால் போதும்: சீட்டு கைக்கு வந்ததும் அதன் எண்ணை 13ஏ-வில் எழுதுவது, கையெழுத்து, அங்கேயே இருக்கும் அதிகாரியிடம் சான்றொப்பம். அதன்பிறகுதான் மறைவுக்குப் போய்க் குறி போட்டுச் சின்ன உறையை ஒட்டுவது. ஓட்டைப் போட்டுவிட்டு வந்து தாளை நிரப்புகிறவருக்கு உறை ஏற்கெனவே ஒட்டியிருக்கும், கூட்டம் பின்னால் நிற்கும். எண் தப்புவது அப்போதுதான்.

படிவம் 20-ல் எத்தனை தள்ளுபடி என்று இருக்கும், ஏன் என்று இருக்காது. அதற்குத் தபால் மேசையில் உட்காரும் வேட்பாளர்களின் முகவர்கள் ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டுக் கோடு கிழித்துக்கொண்டு வந்தால் போதும்: 13ஏ இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, எண் மாறியது, குறியில் தப்பு, போட்டவரைக் காட்டும் அடையாளம். முதல் நாலில் கோடு குவிந்தால் வசதி மையத்தைச் சரிசெய்ய வேண்டும். கடைசி இரண்டில் குவிந்தால் வாக்காளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் ஓட்டைவிடக் குறைவாக இருந்தால், அத்தனையையும் மறுபடி பார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. அந்த நேரத்தில் இந்தத் தாளுக்குத் தனி மதிப்பு.

வடசென்னையில் இதைவிடப் பெரிய தள்ளுபடி ஓட்டுப் பதிவுக்கு முன்பே நடந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்தப் படிவத்திலும் செல்லாத ஓட்டாகக்கூட வரமாட்டார்.

இங்கே பலரும் சறுக்குவது ஓட்டுப் பதிவு சதவீதத்தில்தான். ஒரு கற்பனைக் கணக்கு: பட்டியலில் 1,180 பேர், விழுந்த ஓட்டு 610. அதாவது 52 சதவீதம். செத்தவர், இடம் மாறியவர் என்று 290 பெயர் நீங்கினால் பட்டியல் 890. அதே 610 பேர் வந்தாலே 68 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒருவர்கூடப் புதிதாக வரவில்லை. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. அதற்கு முந்தைய சதவீதத்தையும் பிந்தைய சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண். விழுந்த ஓட்டின் எண்ணிக்கையைத்தான் ஒப்பிட வேண்டும்.

விடுபட்ட பெயர்களைத் தேடும் வேலையைத் தொடங்க ஒரு எக்செல் தாள் போதும். பாகம் (ஒரு சாவடிக்கு உரிய பட்டியல்) ஒன்றுக்கு ஒரு வரி. பட்டியல் படமாக ஸ்கேன் ஆகியிருப்பதால் எழுத்தை அப்படியே உருவ முடியாது. மொத்தத்தையும் உருவ மெனக்கெட வேண்டாம். முதல் பக்கத்தில் பாக எண், சாவடி முகவரி, அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்கள் இருக்கும். கடைசியில் சேர்த்தது, நீக்கியது, ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று சுருக்கம் இருக்கும். இவற்றைக் கையால் அடிப்பது பாகத்துக்கு ஒரு நிமிட வேலை. பக்கத்திலேயே படிவம் 20-லிருந்து விழுந்த மொத்த ஓட்டையும், டெண்டர் ஓட்டு இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போன பெயருக்கு உரியவர் வந்து காகிதத்தில் போடுவது டெண்டர் ஓட்டு. அது விழுந்த பாகத்தில் இரட்டைப் பதிவு உண்டா என்று பார்ப்பது நல்லது.

பூத் எண்ணை நம்பிப் பழையதையும் புதியதையும் இணைக்காதீர்கள். 2021-ல் கோவிட்டுக்காக ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர் அளவுக்குக் குறைத்துத் துணைச் சாவடிகள் போட்டார்கள். பிறகு வரம்பு மாறியது, இப்போது 1,200. எண்கள் ஒவ்வொரு முறையும் நகரும், தெருப் பெயர் நகராது. இணைப்பதைத் தெருவை வைத்தே செய்யுங்கள்.

அடுத்தது வயது. பக்கத்துக்கு 30 பெயர். 18, 19 வயதுக்காரர்களையும் 24, 25 வயதுக்காரர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதல் எண் இரண்டாவதில் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால் அந்தத் தெருக்களில் பிள்ளைகள் பதியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வெளி ஆய்வு எதுவும் தேவையில்லை, பாகமே தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

நீக்கல் பட்டியலில் பெயர் பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்தையும் பாருங்கள். 'இ' (E) இறந்தவர், 'எஸ்' (S) இடம் மாறியவர், 'ஆர்' (R) இரட்டைப் பதிவு. புளியந்தோப்பு, வியாசர்பாடி மாதிரி வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும் இடத்தில் ஒரே பிளாக்கில் 'எஸ்' வரிசையாக வந்தால், அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். தொலைவில் உள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக்குப் போனவர் ஒரு வகை. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு வீட்டுக்காகக் காத்திருப்பவர் இன்னொரு வகை.

படிவம் தப்பாக எடுத்தால் எல்லாம் வீண். பெயர் எங்காவது உயிரோடு இருந்தால், இடம் மாற படிவம் 8. பழைய அடையாள அட்டை எண்ணே தொடரும். பெயர் நீங்கிவிட்டால் படிவம் 8 ஓடாது, புதிதாகச் சேர்க்கும் படிவம் 6 தான். பழைய பெயர் இருக்கும்போதே படிவம் 6 போட்டால் இரட்டைப் பதிவு என்று நிற்கும். ஆகவே முதலில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முகவரிச் சான்றுதான் வாடகைக்காரருக்குத் தலைவலி. கரன்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், பத்திரம் பதிவாகியிருக்காது. ஆதாரோ வங்கிப் புத்தகமோ புது முகவரியில் இருந்தால் போதும். அதுவும் இல்லை என்றால் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் வந்து பார்ப்பதுதான் வழி, அவர் வரும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது. பழைய எண், புது எண் இரண்டையும், வாரிய வீடு என்றால் பிளாக், மாடி எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரவுசிங் சென்டரில் போடும்போது கடைக்காரர் செல் நம்பரைக் கொடுக்க விடாதீர்கள், கேள்வி கேட்டு வரும் செய்தி அவருக்கே போய்ச் சேரும்.

17 வயது நிறைந்தவர் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். 18 நிறைவதற்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள்தான் கணக்கு. காசிமேடு, திருவொற்றியூர் குப்பம் பக்கம் முகாம் போட ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடை, விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் தேர்தல் ஏப்ரலில் வந்தால் அதை நம்பி இருக்க முடியாது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும், ஆட்சேபத்துக்கு 7 நாள் விட வேண்டியிருப்பதால் அதற்குப் பத்து நாள் முன்பாவது படிவம் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த ஆண்டு முகாம் பிப்ரவரியிலேயே, ஞாயிற்றுக்கிழமையில்.