ஒரே சேலை, இருபது கலர்

2018-ல் மதுரை கே.கே. நகரில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டெஸ்டர். ஐரோப்பாவில் இருந்த கிளையன்ட் ஒருவர் தன்னுடைய ஆன்லைன் கேசினோவுக்கு மார்க் போடச் சொல்லி எக்செல் ஷீட் அனுப்பியிருந்தார். வடிவமைப்புக்கு இத்தனை, விளையாட்டுகளின் தேர்வுக்கு இத்தனை என்று பிரித்திருந்தார். நிஜப் பணம் கிடையாது, டெஸ்ட் கணக்கில் போட்டுவைத்த பொய் யூரோதான். எனக்கு அதற்கு முன் இருந்த சூதாட்ட அனுபவம், தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் சோப்பு டப்பா மேல் வளையம் எறிந்தது மட்டும். சோப்பு வந்ததில்லை.

திறந்ததுமே ஆயிரத்துக்கு மேல் ஆட்டங்கள். முக்கால்வாசி ஸ்லாட், அதாவது பட்டனை அமுக்கினால் படங்கள் உருண்டு நிற்கும் ஆட்டம். எகிப்து மம்மி, பழக்கூடை, கொம்பு வைத்த வைக்கிங், மீன் பிடிக்கும் தாத்தா என்று திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருந்தது. தேர்வுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதை வைத்து உட்கார்ந்திருந்தபோது அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் சேலை விரித்துக் காட்டியவர் அவர்.

"எல்லாம் ஒரே டிசைன்தானப்பா. கலர்தான் வேற. நாங்களும் இப்படித்தான் விரிப்போம், அந்தம்மா எந்திரிக்கக் கூடாதுன்னு" என்றார்.

அன்று ராத்திரி ஒவ்வொரு ஆட்டத்திலும் மூலையில் இருக்கும் கேள்விக்குறியை அமுக்கி விதிகளைப் படித்தேன். அப்பா சொன்னது சரிதான். ஐந்து ரீல் என்னும் உருளும் பட்டைகள், மூன்று வரிசை, ஒரே படங்கள் சேர்ந்தால் பணம் தரும் இருபது கோடு, மூன்று படம் விழுந்தால் இலவசச் சுற்று. மம்மியைத் தூக்கிவிட்டு மீனை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆட்டக்காரருக்குத் திரும்பி வரும் விகிதம், அதாவது ஆர்.டி.பி., பெரும்பாலும் 96 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. நூறு கொண்டுபோனால் நாலுதான் போகும் என்று முதலில் நினைத்தேன். கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை வைக்கும் பணத்துக்கும் நாலு சதவீதம். ஆறு வினாடிக்கு ஒரு தடவை ஒரு யூரோ வைத்தால் மணிக்கு 600 யூரோ சுற்றுகிறது, அதில் சராசரியாக 24 யூரோ கடைக்காரருக்கு. கையில் இருப்பது ஐம்பதுதான் என்றாலும் திரும்பத் திரும்ப அதுவே ஓடும்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் இன்னும் சுவாரஸ்யம். ஐரோப்பிய மேசையும் அமெரிக்க மேசையும் ஒரே அளவுப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதலாவதில் 37 கட்டம், அடுத்ததில் இரட்டைப் பூஜ்யம் சேர்ந்து 38. ஜெயித்தால் கொடுப்பது இரண்டிலும் ஒன்றுதான். அந்த ஒரு பச்சைக் கட்டத்தால் கடைக்காரர் பங்கு 2.7 சதவீதத்திலிருந்து 5.26 ஆகிவிடுகிறது. இதைப் படத்தின் கீழேயே ஒரு வரி போட்டுச் சொல்லலாமே என்று எழுதினேன். "நெகட்டிவ் ரொம்ப வேணாம்ப்பா" என்று டீம் லீட் அண்ணன் அழித்துவிட்டார். தேர்வு மார்க்கை ஒன்பதிலிருந்து ஆறாக்கினேன். அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வடிவமைப்புக்குத்தான் மனசார அள்ளிக் கொடுத்தேன். ஒரு யூரோவை இருபது கோட்டில் பிரித்து வைத்துச் சுற்றினால், ஏதோ ஒரு கோட்டில் நாற்பது சென்ட் விழும். உடனே தங்கக் காசு மழை, மணி ஓசை, திரை முழுக்க 'வின்'. கணக்கில் பார்த்தால் அறுபது சென்ட் போயிருக்கும். எனக்கோ அந்தக் காசு விழும் வேகமும் சத்தமும் எவ்வளவு நேர்த்தி என்றுதான் தோன்றியது. 9 போட்டேன். ஒரு தடவை அமுக்கிவிட்டால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டோபிளே, அதற்கும் 9.

அப்புறம் வேலை மாறிவிட்டேன், இப்போது பில்லிங் சாஃப்ட்வேர். 2021 அக்டோபர் கடைசியில் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் ஆன்லைன் ஸ்லாட்டுகளுக்குப் புது விதிகளை அமலுக்குக் கொண்டுவந்தது. வைத்த பணத்துக்கு மேல் வராத சுற்றை வெற்றி மாதிரி கொண்டாடக் கூடாது. ஆட்டோபிளே கூடாது. ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை வினாடி ஆக வேண்டும். படித்தபோது என் எக்செல் ஷீட்டை யாரோ எடுத்துவைத்து, நான் அதிக மார்க் போட்ட வரிகளாகப் பார்த்து அடித்த மாதிரி இருந்தது. இங்கே 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து தமிழ்நாடு சட்டம் போட்டது. மறுவருஷம் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடாளுமன்றம் தடை செய்தது. அப்பாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. "கல்லாவை வாசல்லயே வச்சிருக்கான், பணத்தைத் திருப்பித் தர்ற எடம் எங்கப்பா?" என்று அன்றைக்கே கேட்டார்.

நானும் தேடிப் பார்த்திருந்தேன். பணம் போட எல்லாப் பக்கத்திலும் பச்சைப் பட்டன். எடுக்க வேண்டுமென்றால் மெனு, கணக்கு, வாலட், அதற்குள் இன்னொரு தாவல். கோரிக்கை கொடுத்ததும் மூன்று நாள் 'பரிசீலனையில்' என்று நிற்கும். அதுவரை பக்கத்திலேயே ஒரு பட்டன் மின்னிக்கொண்டிருக்கும்: ரத்து செய்து ஆட்டத்தைத் தொடரவும். பிரிட்டன் அதே 2021-ல் அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. என் ஷீட்டில் அந்த வரிக்கு நேராக இருப்பது 8. குறிப்பு என்ற கட்டத்தில், பயனருக்கு வசதி, என்று எழுதியிருக்கிறேன்.