வேற ஏதாவது, தம்பி?

மார்ச் 2, திங்கள்

இன்றும் தலைவலி மாத்திரைதான் வாங்கி வந்தேன்.

மார்ச் 4, புதன்

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து ஒன்பது நாள். இனி கருத்தடைக்கு ஏதாவது வாங்கி வர வேண்டும் என்று மனைவி என்னிடம் சொல்லியும் ஒன்பது நாள்.

அவள் சொன்னது சரிதான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டும்தான் குடிக்க வேண்டும், தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும்வரை கரு தங்கும் வாய்ப்பு 100-க்கு 2-க்கும் குறைவு. ஒன்று போனாலும் அந்தக் காவல் போயிற்று. திட உணவும் ஆரம்பித்தாகிவிட்டது. மாதவிலக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. அது வருவதற்கு முன்பே முதல் கருமுட்டை வெளியாகிவிடலாம். மருத்துவர் இதையெல்லாம் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்.

மருந்துக் கடையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் போனார், இன்னொருவர் வந்தார். நான் தைலக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வேண்டியது கடைக்கார அம்மாவின் தோளுக்குப் பின்னால், மேலிருந்து இரண்டாவது தட்டில், வலது ஓரத்தில் இருக்கிறது. எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி என்பதுகூட எனக்குத் தெரியும். "என்ன தம்பி?" என்றார். "தலைவலி மாத்திரை." ஓர் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, "வேற ஏதாவது?" என்றார்.

அவர் கேட்டார். அதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? நான் "இல்லை" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். ஆணுறை. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கையுறை, காலுறை, தலையணை உறை, இவற்றை எந்தக் கூட்டத்திலும் கேட்பேன். உறை என்ற சொல்லில் ஒன்றுமில்லை. ஆண் என்ற சொல்லிலும் ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. காண்டம் என்று சொன்னால் சுலபமாக இருக்குமா என்று பார்த்தேன். இல்லை.

இத்தனைக்கும் நான் கூச்சப்படுகிறவன் இல்லை. பிரசவ அறைக்கு வெளியே, முன்பின் தெரியாத செவிலியரிடம், தையல் பிரிந்துவிட்டதா என்று சத்தமாகக் கேட்டேன். மார்பில் பால் கட்டிக்கொண்டபோது என்ன செய்வது என்று நாலு பேரிடம் விசாரித்தேன். நாப்கின் வாங்குவதற்கு ஒரு நாளும் தயங்கியதில்லை.

மார்ச் 7, சனி

நேற்று இரவு.

மார்ச் 7, இரவு, மறுபடியும்

எழுதிவிடுகிறேன். "வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். "கடை மூடிட்டாங்க" என்றேன். கடை மூடவில்லை. என் சட்டைப் பையில் புதிதாக ஓர் அட்டை மாத்திரை இருந்தது.

பழைய பெட்டியில் ஒன்று இருக்கும் என்று அவளே எழுந்து தேடினாள். இருந்தது. மேலுறையின் ஓரம் வெளுத்திருந்தது. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு காற்றுக்குமிழ் நகர வேண்டும். நகரவில்லை, உள்ளே தட்டையாக ஒட்டிக்கிடந்தது. அவள் விளக்குக்கு அருகே பிடித்துத் தேதியைப் படித்தாள். முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. லேடெக்ஸ் ரப்பர் நாளாக ஆக இறுகி வெடிப்பு விடும், அதை நம்பக் கூடாது என்று சொல்லிக் குப்பையில் போட்டாள்.

அப்புறம் நான்தான் "ஒரு நாள்தானே" என்றேன்.

இன்று மாலை கடைக்குப் போனேன். இப்போது வேண்டியது வேறு, அவசரத்துக்குப் போடுகிற கருத்தடை மாத்திரை. ஆறு பேர் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். காலையில் கூட்டம் இருக்காது என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அவளே போய் வாங்கினாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். கடை வாசலில் என் கால் நின்றுவிட்டது, அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு வயதான அம்மாள், ஓர் இளைஞன், ஒரு நடுவயதுக்காரர். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. காய்ச்சல் மருந்து கேட்பது போல அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னாள். வயதான அம்மாள் குழந்தையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார், அப்புறம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையை விலக்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

பெட்டி உள்ளங்கை அளவு. உள்ளே ஒரே ஒரு மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில் ஒரு பகலையும் ஓர் இரவையும் நான் தின்றுவிட்டேன். அது கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே வெளியாகியிருந்தால் ஒன்றும் செய்யாது.

இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

அவளுக்குத் தலைவலி. வீட்டில் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள்.

மார்ச் 11, புதன்

குமட்டல் நின்றுவிட்டது. தலைவலியும் இல்லை. களைப்பு மட்டும் இருக்கிறது என்றாள். அது இந்த மாத்திரையாலா, இரவில் நாலு முறை எழுந்து பால் கொடுப்பதாலா என்று தெரியவில்லையாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

21 நாள் காத்திருக்க வேண்டும். மற்றவர்களானால் மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று பார்க்கலாம். இவளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இன்னும் வரவே இல்லை, எதை வைத்துப் பார்ப்பது? அதனால் ஆறாம் தேதி இரவிலிருந்து 21 நாள் எண்ணி, காலையில் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. 27-ம் தேதி வெள்ளிக்கிழமை.

மார்ச் 13, வெள்ளி

இன்றுதான் படித்தேன். ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டிருந்தால் மாத்திரையைவிட நல்ல பாதுகாப்பாம், அப்படியே பல வருடத்துக்கும் பயன்படுமாம். ஐந்து நாள் புதன்கிழமையோடு முடிந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். நான் பால் கொடுப்பதைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

எதற்குக் கூச்சம்? நேராகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மா என்ன நினைப்பார் என்றா? குழந்தையோடு எங்களை எத்தனை முறை பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்பவர்களா? நாளை வழியில் பார்த்தால் அவர்கள் முகம் எனக்கே ஞாபகம் இருக்காது.

நாப்கின் வாங்கும்போது அது அவளுடைய தேவை. நான் அதைச் சுமந்துவரும் நல்ல கணவன். தையலைப் பற்றிக் கேட்டபோதும் அப்படித்தான். இந்தப் பெட்டியைக் கேட்டால் அது எனக்கு. எனக்கும் ஆசை இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் வாயால் சொல்வது போல. அதுதான் என்று நினைக்கிறேன். அதை மறைக்கத்தான் இவ்வளவு தலைவலி மாத்திரை.

மறைத்தது நான், விழுங்கியது அவள்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கடை திறந்துதான் இருந்தது என்று.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். "தலைவலின்னு மாத்திரை எடுக்கப் போனேன்ல. டிராயரைப் பார்த்தேன்."

ஒன்பது அட்டை. எதுவும் பிரிக்காதது. ஒன்றில் மட்டும் இரண்டு மாத்திரை குறையும். அது அவள் போட்டது.

அதற்குப் பிறகு பேசவில்லை. குழந்தையின் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள், நான் அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 18, புதன்

பன்னிரண்டாம் நாள்.

ஒரு கணக்கு மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், ஆணுறையை நம்பியிருக்கும் 100 பெண்களில் ஒரு வருடத்தில் 2 பேர் கர்ப்பமாகிறார்கள். நடைமுறையில் 13 பேர். அந்த 2-க்கும் 13-க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ரப்பரின் குறையில்லை. சரியாகப் போடாதது, பாதியில் போட்டது, அன்றைக்கு மட்டும் போடாதது. "ஒரு நாள்தானே" என்று சொன்னவர்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். நானும் நிற்கிறேன்.

மாத்திரை, ஊசி, காப்பர் டி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, எல்லாம் பெண்ணின் உடம்புக்குள் போகிறவை. ஆணிடம் இருப்பது இந்த உறையும், ஆண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையான வாசெக்டமியும்தான். உறை பெரும்பாலும் பின்விளைவு இல்லாமல் போட்டுக் கழற்றுகிற ஒன்று. அதிலும் கடினமான பகுதி கடைக்காரரிடம் ஒரு சொல்லைச் சொல்வது. அதைத்தான் நான் செய்யவில்லை.

மார்ச் 19, வியாழன்

காலையில் அவளுக்குக் குமட்டியது போல இருந்ததாம். சாப்பிட்டதும் சரியாகிவிட்டதாம். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்றாள். எனக்கு அந்த நாள் முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. அயர்லாந்தில் 1935-ம் வருடச் சட்டப்படி கருத்தடைப் பொருட்களை விற்கவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது என்று இருந்திருக்கிறது. 1971 மே 22 அன்று டப்ளினிலிருந்து பெண்கள் குழுவாக ரயிலேறி, அந்தச் சட்டம் இல்லாத வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போயிருக்கிறார்கள், வாங்கிக்கொண்டு திரும்பி வந்து சுங்க அதிகாரிகள் முன்னால் பகிரங்கமாகக் காட்டுவதற்கு. அங்கே போனால் கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு கேட்டிருக்கிறார்கள். சீட்டு இல்லை. அதனால் ஆஸ்பிரின் வாங்கினார்களாம், நூற்றுக்கணக்கான பொட்டலங்கள். எது எந்த மாத்திரை என்று சுங்கக்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று. டப்ளினில் இறங்கியதும் அதையே எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினார்கள். அதிகாரிகள் அவர்களைத் தடுக்கவில்லை.

தலைவலி மாத்திரை. படித்துவிட்டு டிராயரைத் திறந்து பார்த்தேன். அவர்கள் அதை ஊரறியத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த நாட்டில் 18 வயதானவர்கள் சீட்டு இல்லாமல் ஆணுறை வாங்க 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் எந்தச் சட்டமும் இல்லை. ஒரு மேசையும் "வேற ஏதாவது?" என்று கேட்கும் ஓர் அம்மாவும் மட்டும்தான்.

மார்ச் 22, ஞாயிறு

இன்னும் ஐந்து நாள். குழந்தை இன்று குப்புற விழுந்து தானாகவே எழுந்து உட்கார்ந்தது. இருவரும் கைதட்டினோம். நடுவில் அவள் கைதட்டுவதை நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை நான்.

மார்ச் 24, செவ்வாய்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முடிதிருத்தும் கடைகளில்தான் ஆணுறை விற்பார்களாம். முடி வெட்டி முடித்ததும் அவரே, "வார இறுதிக்கு ஏதாவது வேண்டுமா, ஐயா?" என்று மெதுவாகக் கேட்பாராம். வாடிக்கையாளர் தலையசைத்தால் போதும். யாரும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்தபோது, அப்படி யாராவது என்னையும் கேட்டிருந்தால் என்று நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. என்னையும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டார்கள்.

மார்ச் 26, வியாழன்

கடைக்குப் போனேன். பரிசோதனை அட்டை வாங்க வேண்டும். அவள் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். இருமல் மிட்டாய் டப்பாவைக் கையில் வைத்துப் பின்பக்கம் படித்துக்கொண்டிருந்தான். திருப்பினான், மறுபடி பின்பக்கம் படித்தான். இடையில் ஒரே ஒரு முறை கண் மேலே போய் வந்தது. மேலிருந்து இரண்டாவது தட்டு, வலது ஓரம். "நீங்க வாங்கிக்கோங்க அண்ணா" என்று ஒதுங்கி வழிவிட்டான்.

"என்ன தம்பி?"

"கர்ப்பப் பரிசோதனை அட்டை ரெண்டு" என்றேன். எடுத்து வைத்தார்.

"வேற ஏதாவது?"

"ஆணுறை. பெரிய பெட்டியா ஒண்ணு குடுங்கம்மா."

அவர் திரும்பி, கையை உயர்த்தி எடுத்து, அடிப்பக்கம் தேதியைப் பார்த்து வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கணக்குப் போட்டார், பணம் கொடுத்தேன். எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் டம்ளரை என்னிடம் நீட்டிய அவள் கையை நினைத்து.

பையன் இருமல் மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். வாசலுக்கு வந்து பார்த்தேன், தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? என் வீட்டில் ஒன்பது அட்டை இருக்கிறது என்றா?

பெட்டியை அவளிடம் கொடுத்தேன். தேதியைப் பார்த்துவிட்டு டிராயரில் வைத்தாள், மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில்.

மார்ச் 27, வெள்ளி, காலை 5.40

குளியலறையில் விளக்கு எரிகிறது. ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. குழந்தை விழித்துவிட்டது, தூக்கப் போகிறேன்.