இன்னும் பைக்கில்தான் போகிறேன்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் சென்னையில் பைக்கில் ஆபீஸ் போகிறவனைச் சொந்தக்காரர்கள் இரண்டு விதமாகத்தான் பார்க்கிறார்கள். ஒன்று, பாவம், கையில் காசில்லை. இல்லையென்றால், இன்னும் புத்தி வரவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "இன்னும் பைக்லதான் போறீங்களா?" என்று கேட்டால், இந்த இரண்டில் எதை நினைத்துக் கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். வெயில், தூசி, மழை, முதுகு வலி என்று அவர்கள் அடுக்குவதில் தப்பே இல்லை. சொல்லப்போனால் அவர்களைவிட என்னிடம் நீளமான பட்டியல் இருக்கிறது.

வீடு வளசரவாக்கம், வேலை பெருங்குடி. ஆற்காடு ரோட்டைப் பிடித்து போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம், கத்திப்பாரா, கிண்டி, சர்தார் படேல் ரோடு, மத்திய கைலாஷ், அப்புறம் ஓ.எம்.ஆர். ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற வழி. இதில் முதல் பாதி முழுக்க மெட்ரோ வேலை பார்த்த ரோடு. இரண்டாம் கட்ட மெட்ரோ மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம் என்று பேப்பரில் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்த மூன்றில் இரண்டு என் வழியின் இந்த முதல் பாதியிலேயே வருகிறது, அதுவும் ஆற்காடு ரோட்டில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதையாக என்பது தோண்ட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு தகரத் தடுப்பு ராத்திரி இருந்த இடத்தில் காலையில் இருந்ததில்லை. நேற்று போன சந்து இன்று மூடியிருக்கும், நேற்று ஒருவழிப் பாதையாக இருந்தது இன்று எதிரும் புதிருமாக வந்துகொண்டிருக்கும். கார்க்காரருக்கு இதனால் நேரம் போகும், அவ்வளவுதான். பைக்காரனுக்கு விஷயமே வேறு. தோண்டிய பள்ளத்தின் மேல் இரும்பு பிளேட் போட்டு மூடுவார்கள். காய்ந்திருந்தால் 'டடக்' என்று ஒரு சத்தத்தோடு தாண்டிவிடலாம். மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்திருந்தால் அதன் மேல் பிரேக் பிடிக்கக்கூடாது, ஹேண்டில் பாரைத் திருப்பக்கூடாது, ஆக்சிலரேட்டரை முறுக்கவும் கூடாது, வந்த வேகத்தில் நேராக உருண்டு போய்விட வேண்டும். இதைப் புது ஆளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு முறை பின் சக்கரம் வழுக்கினால் தானாகப் புரியும்.

வெயில் காலத்தில் சிக்னலில் நிற்பது தனிக் கதை. சிக்னலின் வெள்ளைக் கோட்டுக்கு இருபது அடி முன்னாலேயே ஒரு தூங்குமூஞ்சி மரத்து நிழல் விழுந்திருக்கும். அந்த நிழல் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குள் பைக்குகள் ஹேண்டில் பார் இடிக்க நெருக்கி நிற்கும். அதற்கும் கோட்டுக்கும் நடுவில் வெறும் தார் ரோடு கானல் ஓடிக்கொண்டு கிடக்கும். பின்னால் நிற்கிற கார்க்காரர், இவ்வளவு இடம் இருக்கிறதே, ஏன் முன்னால் போகாமல் நிற்கிறார்கள் என்று ஹாரன் அடிப்பார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டோம். 2024 கோடையில் மாநகராட்சி சில சிக்னல்களில் பச்சை வலையில் பந்தல் போட்டது. அந்தப் பந்தலுக்கு அடியில் நின்றபோதுதான், நாங்களும் வரி கட்டுகிறோம் என்பது யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது என்று தோன்றியது. மற்ற சிக்னல்களில் பழைய கதைதான். மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு, பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் அனல் தொடையில்.

அப்புறம் மனிதர்கள். சிக்னலில் எண் ஐந்துக்கு இறங்கியதும் ஹாரன் அடிக்கத் தொடங்குகிறவர்களைப் பற்றி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ராத்திரியில் எதிரே ஹை பீமில் வருகிற எல்.இ.டி. விளக்குக்காரர்களை மட்டும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவர்களிடம்கூட எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான். சிக்னலில் பக்கத்தில் நின்றால் நகை அடகு, மச்சானுக்குப் பெண் பார்த்தது, வரும்போது வாங்கி வர வேண்டிய தயிர் பாக்கெட் எல்லாம் நம் காதிலும் விழும். பச்சை விழுந்ததும் அதே பேச்சோடு தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து போவார்.

பயம் என்று சும்மா சொல்லவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானபோது கடைகளில் நின்ற வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூறு ரூபாய்க்கு பிளாட்பாரத்தில் விற்ற தொப்பி மாதிரியான சமாச்சாரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு போனவர்கள் பாதிப் பேர், போலீஸுக்காக. இன்றைக்கும் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, போலீஸைப் பார்த்ததும் தலைக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அபராதம் ஆயிரம் ரூபாய் ஆன பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள், மண்டையைவிட ஆயிரம் ரூபாய் பெரிது போல. என்னைக் கேட்டால், மாட்டிக்கொண்டு நாடிப் பட்டையை இறுக்காமல் விடுகிறவருக்கும் அபராதம் போடலாம். விழும்போது முதலில் பறப்பது அந்த ஹெல்மெட்தான்.

இவ்வளவு இருந்தும் ஏன் பைக்? வேகம், சுதந்திரம், காற்று முகத்தில் அடிப்பது என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் இந்த ஊருக்குள் கிடையாது. 1950-களிலேயே திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்த ஊர் இது. சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் விட்டு, பிறகு இருங்காட்டுக்கோட்டையில் டிராக்கே கட்டிய ஊர். அந்தப் பெருமை எல்லாம் நிஜம்தான், ஆனால் போரூர் ரவுண்டானாவில் காலை ஒன்பது மணிக்கு எல்லா வண்டியும் மொபெட்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஜாக்கெட், முழங்கால் பேட் எல்லாம் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிற கோஷ்டியோடு நானும் போயிருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இட்லிக்காக அவ்வளவு சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. இந்த ஊரில் பைக் ஓட்டினால், முன்பின் தெரியாத ஒரு ஆயிரம் பேர் உங்கள் வண்டியைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். "அண்ணே, சைடு ஸ்டாண்டு!" என்ற குரல் கேட்காத தெரு சென்னையில் இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து வரும், எதிர்ப் பக்கத்து டீக்கடையிலிருந்து வரும், உங்களை இப்போதுதான் இடதுபக்கமாக அணைத்து ஓவர்டேக் செய்து நீங்கள் மனதுக்குள் திட்டிய அதே பையன் வேகத்தைக் குறைத்து, காலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவான். "அம்மா, துப்பட்டாவ எடுத்துக்குங்க", "சார், பகல்ல லைட் எரியுது" (இப்போதைய வண்டிகளில் அது எரிந்துகொண்டேதான் இருக்கும், பெரியவர்கள் இன்னும் விடாமல் சொல்கிறார்கள்), "தம்பி, பின் டயர்ல காத்து கம்மி". இப்போது வருகிற பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் என்னுடையது பழைய யூனிகார்ன், அதற்கு இன்னும் ஊர்தான் சென்சார்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. மணப்பாக்கம் தாண்டும்போது ரோடு எது, ஓரம் எது என்று தெரியவில்லை. தண்ணீரில் இறங்கினால் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விடாமல் ஒரே சீராகப் போக வேண்டும். விட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறும். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி ஒரு அலையை எழுப்பியது, அது டேங்க் வரைக்கும் வந்து போனது, வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. அந்த நிலையில் கிக்கரை உதைக்கக்கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உதைக்கிற உதையில் உள்ளே பிஸ்டன் தண்டு வளைந்துவிடலாம். சரி, தள்ளுவோம் என்று முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மேடு வந்ததும் பின்னால் ஒரு குரல். "ணா, ஏறி உக்காருங்க. நியூட்ரல்ல போடுங்க." முதுகில் சாப்பாட்டுப் பெட்டி மாட்டிய டெலிவரி பையன். தன் வண்டியில் உட்கார்ந்தபடியே இடது காலை என் பின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துத் தள்ள ஆரம்பித்தான். சட்டப்படி தப்பு, பார்க்கிறவனுக்கும் பதறும், நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நான் ஹேண்டிலை மட்டும் பார்த்துக்கொண்டேன். பள்ளம் வரும்போது "பாத்து ணா" என்று ஒரு வார்த்தை, வேறு பேச்சில்லை. ராமாபுரத்தில் பாதி ஷட்டர் இறக்கியிருந்த ஒரு மெக்கானிக் கடை வாசலில் காலை எடுத்தான். நான் ஸ்டாண்டு போட்டுத் திரும்புவதற்குள் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மழைக்குள் போய்விட்டான். யாருடைய சாப்பாடோ ஆறிக்கொண்டிருந்திருக்கும், அதற்கு அவன் எவ்வளவு பேச்சு வாங்கினானோ.

மெக்கானிக் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பிளக் கேப்பைப் பிடுங்கினார், கவிழ்த்து உதறினார், அதிலிருந்து ஒரு டீஸ்பூன் தண்ணீர் வந்தது. தோளில் கிடந்த பனியன் துணியின் முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தார். பிளக்கைக் கழற்றி லைட்டில் காட்டிப் பார்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டினார். ஏர் பில்டரைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்து "உள்ள போகல சார், தப்பிச்சீங்க" என்றார். ஒரே உதை. காசு கேட்டால் "டீக்கு குடுங்க" என்றார். கிளம்பும்போது மட்டும் "பின் பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே போங்க, டிரம் காயட்டும்" என்று சொன்னார். எனக்கு அது தெரியும். ஆனாலும் ஒருவர் சொல்லிக் கேட்கும்போது நன்றாக இருந்தது.

இன்னொரு லாபமும் இருக்கிறது, சின்னதுதான். கிண்டி தாண்டி சர்தார் படேல் ரோட்டில் காந்தி மண்டபம் வந்ததும் காற்று மாறும். வலது பக்கம் முழுக்கக் காடு, அதற்கப்புறம் ஐ.ஐ.டி. மரங்கள். மே மாதத்தில்கூட அங்கே தோலுக்குத் தெரிகிற மாதிரி சூடு இறங்கும். ஏசி காரில் பல வருடம் அதே வழியில் வருகிற என் ஆபீஸ் நண்பரிடம் இதைச் சொன்னேன், "அப்படியா?" என்றார். சனிக்கிழமை மயிலாப்பூர் போனால் தெற்கு மாட வீதிக்குள் திரும்பும் முன்பே எங்கோ காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்துவிடும். வண்டியை ஒரு முழ அகலத்தில் சொருகி நிறுத்திவிட்டு அரை கிலோ கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். காரில் போன அன்று பார்க்கிங் தேடியே கோயில் குளத்தைப் பிரதட்சணம் செய்து முடித்தோம். கூவம் பாலத்தில் அடிக்கிற வாசனையும் பைக்காரனுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது புதுப் பிரச்சினை. வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. காலாவதி ஆகப்போகிறது. வீட்டில் இதுதான் சாக்கு, "கொடுத்துட்டு ஒரு சின்ன காரா பாருங்களேன்" என்கிறார்கள். பெண் பிளஸ் டூ படிக்கிறாள், மழையில் டியூஷன் விட்டுக் கூட்டி வர கார் வேண்டும் என்பது நியாயம்தான், அதற்கு ஒரு பழைய கார் பார்க்கலாம் என்று நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆபீஸுக்கு அது வராது. புதுப்பேட்டைக்குப் போய் இண்டிகேட்டர், ஒரு பக்கக் கண்ணாடி, சைலன்சர் மூடி எல்லாம் வாங்கி மாட்டியாகிவிட்டது, சீட்டை நாய் கிழித்த இடத்துக்கு ஜி.பி. ரோட்டில் புது உறை. செயின் ஸ்ப்ராக்கெட் செட்டும் பின் டயரும் பாக்கி. அது முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டிவிட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். ஆபீஸில் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.