மூன்று தெரசாக்களும் வேகாத சோறும்

2025 ஜூலை 13, ஞாயிறு

இன்றைய நற்செய்தி, அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும், ஒப்புக்கொள்கிறேன். ஆறு வருடமாக வியாழன்தோறும் கோயில் சமையலறையில் 120 பொட்டலம் சோறு கட்டி, பினாங்கு கொம்தார் கோபுரம் பக்கம் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன் நடைபாதையில், படுத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவருகிறோம். அடுப்படி என் பொறுப்பு.

பூசை முடிந்து ஃபாதர் அறிவித்தார்: வியாழன் நற்கருணை ஆராதனைக்கு, அதாவது நற்கருணை முன் மௌனமாக உட்கார்ந்து ஜெபிக்க, காலை 5 முதல் 7 வரை ஆளில்லை. அக்கா கை தூக்கிவிட்டாள், ஆறு மணிக்கு. வாரத்தில் வேறு நாளே இல்லையா இவளுக்கு?

ஜூலை 17, வியாழன்

நினைத்த மாதிரியே ஆயிற்று. ஒருத்திக்குக் காய்ச்சல். இன்னொருத்தி, மரியாளின் தாய் அன்னம்மாளுக்கான ஒன்பது நாள் ஜெபம், நவநாள், இன்று தொடங்குகிறது என்று அக்கரையில் புக்கிட் மெர்தாஜம் கோயிலுக்குப் போய்விட்டாள். அக்கா ஆராதனையில். நானும், ஆறு கிலோ வெங்காயமும், இரண்டு அண்டாச் சோறும்.

ஏழு மணிக்கு வரவேண்டியவள் ஏழு நாற்பதுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமிகிட்ட பேசி முடிச்சாச்சா? இங்க பூண்டு உரிக்க ஆளில்ல."

அவள் குரலே உயரவில்லை. "குழந்தை இயேசுவின் தெரசா மடத்துக்குள்ள போன பிறகு மறைபரப்புக்குன்னு எங்கயும் போனதில்லடி. 1927-ல பாப்பரசர் அவங்களத்தான் சவேரியாரோட சேர்த்து மறைபரப்புக்கே பாதுகாவலின்னு அறிவிச்சாரு."

நான் விடுவேனா? "அவிலா தெரசா, சட்டிபானைக்கு நடுவுலயும் ஆண்டவர் நடமாடுறாருன்னு சொல்லியிருக்காங்க. அதையும் படி."

இரண்டு தெரசாக்களும் கார்மேல் துறவற சபைதான். அவர்களுக்குள் சண்டை வந்திருக்காது. கோபத்தில் அண்டா மூடியைத் திறந்தேன், ஆவி முகத்தில் அடித்தது. போதும் என்று அடுப்பை அணைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மார்த்தா, மரியா. இயேசு வந்த வீட்டில் மார்த்தா வேலையில் அலைய, அவள் சகோதரி மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட கதை. வேறு எந்த வாசகம் வரும்!

அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இருவரும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் சமாரியன் கதை முடிந்த அடுத்த வசனத்திலேயே இந்த வீடு வருகிறது. நீரும் போய் அப்படியே செய்யும் என்று முடித்த கையோடு, எதுவும் செய்யாமல் காலடியில் உட்கார்ந்தவளுக்குப் பாராட்டு. இத்தனை வருடம் போன ஞாயிறு ஒன்று, இந்த ஞாயிறு ஒன்று என்று கேட்டதில் இரண்டும் ஒட்டியிருப்பதே எனக்குத் தெரியவில்லை.

பூசைக்குப் பிறகு ஃபாதரிடம் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். ஏழைகளுக்குத் தொண்டு செய்த புனித வின்சென்ட் தே பவுல் தம் சபைச் சகோதரிகளிடம், ஜெப நேரத்தில் ஏழை கூப்பிட்டால் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விடுவது என்று சொன்னாரே?

ஃபாதர் சிரித்தார். "சொன்னாரும்மா. அவரே காலையில நாலு மணிக்கு எழுந்து ஜெபத்துல உட்கார்ந்தவரு. விட்டுட்டுப் போகணும்னா முதல்ல அங்க உட்கார்ந்திருக்கணும்ல?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்ல ஒரு பதில் தேடினேன். கிடைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

மழை. 120 பொட்டலம். அக்காவோடு தேவைக்கு மட்டும் பேச்சு.

ஜூலை 26, சனி

அன்னம்மாள் திருவிழா. ஃபெரியில் அக்கரை போய், பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ஏறினோம். ரயிலில் பாதிப் பேர் கையில் மெழுகுவர்த்தி. கூட்டத்தில் சீனர், தமிழர், பொட்டு வைத்த இந்து அம்மாக்களும். 2019-இல் பசிலிக்கா ஆன கோயில், ஆனால் எங்களுக்கு எப்போதும் அது அன்னம்மாள் வீடு.

அக்காவுக்கு முட்டி வலி. மேட்டிலிருக்கும் பழைய கோயிலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

முதலில் வந்ததெல்லாம் பட்டியல்தான்: எண்ணெய் தீர்ந்துவிட்டது, ரப்பர் பேண்டு வாங்கணும், கேஸுக்குச் சொல்லணும். துரத்தத் துரத்த வந்தது. துரத்துவதை நிறுத்திய பிறகு எப்போதோ ஒரு கை வந்தது. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கும் ஒருவரின் கை. வலது சுண்டுவிரல் பாதி இல்லை. நகத்தோரம் கறுத்திருக்கும். வாங்கியதும் சூட்டுக்குக் கை மாற்றி மாற்றிப் பிடிப்பார்.

முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஆறு வருடம். அடுத்த ஆளுக்குப் பொட்டலம் எடுக்க நான் அதற்குள் திரும்பியிருப்பேன்.

இரவு பவனியில் அக்காவின் மெழுகு என் புடவையில் சொட்டியது. இஸ்திரி போட்டு எடுக்க வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

முன்பு இன்று மார்த்தாவுக்கு மட்டும்தான் நினைவு நாள். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மரியாவையும் அவர்கள் சகோதரன் லாசரையும் சேர்த்துவிட்டார். இப்போது வீட்டில் மூவரும் ஒன்றாக.

ஃபாதர் பிரசங்கத்தில் மூன்றாவது தெரசாவைக் கொண்டுவந்தார். அன்னை தெரசாவின் சபையில் முதலில் ஆராதனை வாரத்துக்கு ஒருமுறைதானாம். 1973-இல்தான் தினமும் ஒரு மணி நேரம் என்று முடிவெடுத்தார்கள். கல்கத்தாவில் ஆளுக்கு எத்தனை வேலை கிடந்திருக்கும்! என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. கற்பனையாகவும் இருக்கலாம். பூசைக்குத் தயாராகும் அறையான சாக்ரிஸ்தியில், ஆராதனைப் பட்டியலில் ஐந்து மணிக்கு என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

ஜூலை 31, வியாழன்

காலை 5-6. இருபது நிமிடம் தூங்கிவிட்டேன். ஆறு மணிக்கு வந்த அக்காதான் தோளைத் தட்டினாள். அவள் உட்கார, நான் அடுப்படிக்கு.

மதியம் கொம்தார் பக்கம் அந்தக் கையைத் தேடினேன். மூடிய கடை ஒன்றின் இரும்புக்கதவில் சாய்ந்திருந்தார். மெலிந்த முகம், இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. குந்தி உட்கார்ந்து, "உங்க பேர் என்னங்கய்யா?" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? வெல்ஃபேர்ல எழுதிக் கொடுக்கவா?"

"இல்லங்கய்யா. சும்மாதான்."

பேரைச் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டே, "ரெண்டு வாரம் முன்ன சோறு வேகலம்மா. இங்க பாதிப் பேருக்குப் பல்லு இல்ல," என்றார்.

வேனில் அக்காவிடம் சொன்னேன், அன்று நான் அடுப்பை அணைத்ததையும் சேர்த்து. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, அடுத்த வாரம் பூண்டு அவள் பொறுப்பு என்றாள். ஒரு பூண்டு உரிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். புதன்கிழமையே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.